பதினெட்டு அடியில் தண்ணீர்

மே மாதம் பதினான்காம் தேதி, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து குளியலறை வாளிகளை நிரப்பினேன். அக்கா வீட்டில் முதலில் எழுபவருக்கு அதுதான் வேலை. வெயில் ஏறினால் குழாய் இருமத் தொடங்கிவிடும். பல் துலக்கி, முன்தினம் காயப்போட்ட துணிகளை மடித்து வைத்து, டயரியில் விட்டுப்போனதை எழுதி முடித்தேன். அதற்குள் அக்கா காப்பி கொண்டுவந்துவிட்டாள். மயிலாப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவள் தேநீரை மறந்தே போனாள். எனக்குக் காலையில் பால் சேர்க்காத வெறும் தேநீர் வேண்டும். வந்த நாளிலிருந்து சொல்கிறேன். வந்த நாளிலிருந்து காப்பிதான் வருகிறது.

குளத்தங்கரைப் பக்கம் போய் ஒரு கடையில், "ஒரு தேத்தண்ணி தாங்கோ" என்றேன். கடைக்காரர் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்து வைத்தார்.

"தேத்தண்ணி கேட்டனான்."

"தண்ணிதாம்மா குடுத்துகிறேன். கூலிங் வோணாமா?"

தேநீர் கொதிக்கும் பாத்திரத்தைக் காட்டி விளக்கியதும், "டீயா? அத்த சொல்லேன் மொதல்ல" என்று சலித்துக்கொண்டார். சலிக்க வேண்டியவள் நான். தந்த தேநீரில் பாலும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது.

யாழ்ப்பாணத்தில் கிணறுகளின் நீர்மட்டத்தை அளப்பது என் வேலை. அதற்கு ஒரு கருவி இருக்கிறது. பெரிய டார்ச் விளக்கைப் போன்றது. முனையில் சிறிய புனல். கிணற்றின் வாயில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் 'டொங்' என்று ஓர் ஒலியைக் கீழே அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பும். அது போய்வந்த நேரத்தைக் கொண்டு, தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று திரையில் காட்டும். கயிறு வேண்டாம், தண்ணீரைத் தொட வேண்டாம். கிணற்றுக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தைச் சரியாகக் கொடுக்க வேண்டும். சுற்றிலும் அமைதி வேண்டும். போன மாதம் அதன் ஒலிவாங்கி கெட்டுவிட்டது. பழுது பார்ப்பவர் தியாகராய நகரில் இருக்கிறார் என்றார்கள். ஜூனில் ஊரில் அடுத்த சுற்று அளவு தொடங்க வேண்டும். அதனால்தான் இந்தப் பயணம்.

ஆட்டோக்காரர் வழியெல்லாம் கண்ணாடியில் கருவியையே பார்த்துக்கொண்டு வந்தார். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிய தடுப்புகளுக்கு நடுவில் வண்டி நின்றபோது கேட்டுவிட்டார்.

"இன்னா மேடம் அது, ஸ்பீக்கரு மாதிரி கீது?"

"கிணத்திலை தண்ணி பாக்கிற சாமான்."

"அய்ய, அப்டியா? எங்க ஏரியால தேங்கா வச்சி பாத்தாரு ஒருத்தரு. மூணு தபா போரு போட்டும் தண்ணி வர்ல. இத்த கொஞ்சம் எடுத்துகினு வாயேன், எங்க கீதுன்னு சொல்லும்ல?"

"இது தண்ணி எங்கை எண்டு சொல்லாது. எவ்வளவு ஆழத்திலை எண்டுதான் சொல்லும்."

"எங்க கீதுன்னே தெரியாம எவ்ளோ ஆழத்துலன்னு எப்டி மேடம் சொல்லும்?" பிறகு, "நீங்க மலையாளமா?" என்றார். மலையாளமா என்று கேட்டவர்களில் இவர் முதல் ஆள் அல்ல.

பழுது பார்க்கும் கடை, பாத்திரக்கடைக்கும் புடவைக்கடைக்கும் இடையில் ஏறிய படிக்கட்டின் நான்காவது மாடியில் இருந்தது. தினேஷ் என்பவர் கருவியைத் திறந்து, ஊதி, மூடி, காதருகே வைத்துப் பார்த்தார்.

"மேடம், சவுண்டு போவுது. ஆனா திரும்பி வரல. தி.நகர்ல தொலைஞ்ச பர்சு மாதிரி."

அவரே சிரித்தார். புது ஒலிவாங்கி அடையாறில் ஒருவரிடம்தான் இருக்கிறதாம். நானே போய் வாங்கி வந்தால் விரைவில் முடியுமாம். ஊரில் என்றால் பழுது பார்ப்பவன்தான் பொருளுக்கு அலைவான். இங்கே பொருளுக்கு அலைவதும் நோயாளியின் சொந்தக்காரர் பொறுப்பு.

வியாழக்கிழமை அடையாறு. பேருந்து வழக்கமான வழியில் போகாது என்று நடத்துநர் சொன்னது ஏறிய பிறகு. ஒலிவாங்கி கடுகு டப்பா அளவு அட்டைப்பெட்டியில், பஞ்சுக்கு நடுவில் இருந்தது. வெயிலில் நடந்த களைப்புக்கு ஒரு மெஸ்ஸில் இடியப்பம் கேட்டேன். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் வந்தன. எங்கள் ஊரில் இடியப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் குழம்பான சொதி இல்லையா என்றேன். பரிமாறியவர் உள்ளே திரும்பி, "மாஸ்டர், சோடா இருக்கா?" என்று குரல் கொடுத்தார். சர்க்கரையோடே சாப்பிட்டேன். இடியப்பம் நன்றாக இருந்தது; அதை எழுதாமல் விடுவது நியாயமில்லை.

தியாகராய நகரில் ஒலிவாங்கியைப் பொருத்திய தினேஷ், கருவியைப் படிக்கட்டின் நடுவெளியில் கவிழ்த்துப் பிடித்து அழுத்தினார். கீழ்த்தளத்தில் யாரோ வாளியை இழுத்ததும் எண் மாறியது. "கிணத்துல பாத்துக்கங்க மேடம்" என்றார். தியாகராய நகரில் கிணறு எங்கே என்று கேட்டேன். "உங்க அக்கா வீட்ல இல்லையா?"

இருந்தது. அக்காவின் குடியிருப்பின் பின்பக்கம், இரும்பு மூடி போட்ட உறைகிணறு. மோட்டார் போட்டு அதன் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுவார்கள். எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எட்டிப்பார்த்து வருடங்கள் ஆகின்றன. சங்கச் செயலாளர் சேஷாத்ரி மாமாதான் மூடியைத் திறந்துவிட்டார். முதல் மாடியில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர். ஆசிரியர்களை அழைக்கும் எங்கள் ஊர் வழக்கப்படி நான் அவரை 'மாஸ்டர்' என்று அழைத்தேன்.

"இங்க மாஸ்டர்னா டீ போடறவர். இருக்கட்டும், கூப்பிடுங்கோ" என்றார். "நீங்களும் வாங்கோ போங்கோன்னு தானே பேசறேள். உங்க பாஷை நன்னா புரியறது எனக்கு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அன்று அது தெரியாது.

மேலே அவருடைய மாணவிகள் 'ஸா' பிடித்துக்கொண்டிருந்தார்கள். கருவி அதையும் எதிரொலி என்று நினைத்துக் கண்டபடி எண் காட்டியது. நிறுத்தச் சொல்லும்படி கேட்டேன். அவர் மேலே பார்த்து ஒரு கையை உயர்த்தினார்; பாட்டு அந்தரத்தில் நின்றது. வெப்பமானியைக் கயிற்றில் உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தேன். வெளியே கொதித்த கொதிப்புக்கு உள்ளே இதமாகவே இருந்தது. அந்த அளவைக் கருவியில் கொடுத்து அழுத்தினேன்.

"நாலு கட்டைக்குக் கொஞ்சம் மேல நிக்கறது" என்றார் அவர், கருவியின் ஒலியைக் கேட்டு. நுட்பமான காது. மூன்று முறை அழுத்தினேன். மூன்று முறையும் ஒரே எண்.

"எவ்ளோ காட்றது?"

"பதினெட்டு அடியிலை தண்ணி, மாஸ்டர்."

தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது.

"பதினெட்டு அடியா?"

"ஓம்."

அவர் கண்களை மூடிக் கைகூப்பினார். எண்ணைக் கும்பிட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மூடியைப் போட்டுவிட்டு மேலே போய் டயரியில் எழுதினேன்: கருவி சரி.

வெள்ளிக்கிழமை திருவான்மியூருக்குப் போனேன். மருந்தீஸ்வரரைத் தரிசித்து, அக்காவின் தோழி வீட்டில் சாப்பிட்டு, கடற்கரையில் நடந்து, ஆட்டோ கிடைக்காமல் நின்று, வீடு திரும்பினேன். குடியிருப்பு முழுக்க ஒரு கொண்டாட்டம் தெரிந்தது. வெயில் ஏறினால் இருமும் குழாய் மாலையிலும் பீறிட்டது. அக்கா திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்துப் போட்டிருந்தாள். வாசலில் இரண்டு பேர் கார்களுக்குக் குழாய் பிடித்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்காகத் தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன். கீழ்த்தளத்தில் இருக்கும் கவுஸ் பாயின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். கவுஸ் பாய் சோபா உறை தைப்பவர். அவர் குடும்பம் பல தலைமுறையாக இந்தத் தெருவில்தான் இருக்கிறது. நிக்காஹ் பள்ளிவாசலில், விருந்து குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், பந்தல் போட்டு. விருந்தாளிகள் தங்க இரண்டு வீட்டுக்காரர்கள் சாவியைக் கொடுத்திருந்தார்கள். லாரிக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததை நான் வந்த அன்றே கேட்டிருந்தேன்.

சனிக்கிழமை பிற்பகல் குழாய் இருமியது. பிறகு மூச்சை நிறுத்தியது. கீழே மோட்டார் காற்றை உறிஞ்சி அலறும் சத்தம் கேட்டது. ஓடிப்போய் நானே நிறுத்தினேன். பின்னாலேயே சேஷாத்ரி மாமா வந்தார்; அவர் பின்னால் கவுஸ் பாய். பந்தலடியில், விருந்துச் சமையலுக்கு வந்த பண்டாரி தேக்சா அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தேக்சாவிலும் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம்.

"உங்க மிஷின் பொய் சொல்லிடுத்தே" என்றார் மாமா.

என் கருவி பொய் சொன்னதில்லை. கொண்டுவந்து பிடித்தேன். நான்கு அடி என்று காட்டியது. அப்புறம்தான் கேட்டது: பந்தலில் ஒலிபெருக்கி கட்டியவர், "ஹலோ, மைக் டெஸ்டிங், ஹலோ" என்று கிணற்றுப் பக்கம் திருப்பி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அதை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"டேய், கொஞ்சம் வாய மூடுறா" என்று கவுஸ் பாய் ஒரே சத்தம். அந்த எதிரொலியும் அடங்கட்டும் என்று காத்திருந்து அழுத்தினேன். இருபத்து மூன்று. பழுது பார்த்தவரின் மீது சந்தேகம் வந்தது. கயிற்றில் கல் கட்டி இறக்கி, நாடாவால் அளந்தேன். இருபத்து மூன்றேதான். கல்லை இன்னும் இறக்கினேன். இருபத்தைந்தில் தரை தட்டியது.

"ரெண்டு அடித் தண்ணிதான் இருக்கு" என்றேன்.

"முந்தாநேத்து பதினெட்டு அடி இருந்ததே. ரெண்டு நாள்ல பதினாறு அடியையும் யார் குடிச்சா?"

"பதினெட்டு அடி இருந்ததெண்டு ஆர் சொன்னது?"

"நீங்கதான்."

"நான் பதினெட்டு அடியிலை எண்டு சொன்னனான்."

அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். குடியிருப்பின் குழுவில் வியாழக்கிழமை அவர் போட்ட செய்தி: கிணற்றில் பதினெட்டு அடி தண்ணீர் இருப்பது விஞ்ஞானக் கருவி மூலம் உறுதிப்படுத்தப்பட்டது, ஆகவே லாரி ரத்து, அது உள்ளே வந்து இடிக்குமோ என்றிருந்த பந்தல் காலுக்கும் ஆபத்தில்லை. கீழே கைகூப்பும் படங்களும் கட்டைவிரல்களும் நிரம்பியிருந்தன. அக்காவும் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தாள்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவுகருவி இல்லை. இருபத்தைந்து அடிக் கிணற்றில் பதினெட்டு அடியில் தண்ணீர் என்றால், இருப்பது ஏழு அடி. அந்த ஏழு அடியைத்தான் காருக்கும் திரைச்சீலைக்கும் ஊற்றித் தீர்த்திருந்தார்கள்.

"கிணறு நாப்பது அடின்னு சொல்லுவா" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. "நான் கேட்டேனே, பதினெட்டு அடியான்னு. நீங்க ஓம்னேள்."

"ஓம் எண்டால் ஆமாம் எண்டுதான் அர்த்தம்."

"நானும் அப்படித்தானே எடுத்துண்டேன்? கொஞ்சம் பக்தியாவும் இருந்துது."

அரைக்கட்டை பிசகினால் பிடித்துவிடும் காது, 'அடியிலை'யில் இருந்த ஓர் 'இலை'யைத் தவறவிட்டிருக்கிறது. ஆனால் யோசித்தபோது என் எரிச்சலில் பாதி என் பக்கமே திரும்பியது. வாளி கட்டி இறைக்கும் எங்களுக்கு அடி என்றால் கயிற்றின் நீளம். லாரித் தண்ணீரைத் தரைத்தொட்டியில் ஊற்றிக் குச்சி விட்டுப் பார்க்கும் இவர்களுக்கு அடி என்றால் குச்சியில் நனைந்த உயரம். நாங்கள் மேலிருந்து எண்ணுகிறோம், இவர்கள் கீழிருந்து. கிணற்றின் ஆழத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். ஊரில் எல்லோருக்கும் தங்கள் கிணற்றின் ஆழம் தெரியும் என்பதால் நான் சொல்வதே இல்லை.

சன்னலில் நின்ற கவுஸ் பாயின் மனைவி ஷமீம் உருதுவில் ஏதோ சொன்னார். அவர் சகோதரி வாயைப் பொத்திச் சிரித்தார். என்ன என்றேன்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றார் கவுஸ் பாய். "ஒரே ஒரு எழுத்து கிணத்துல விழுந்துருச்சு, பின்னாடியே எம்பொண்ணு கல்யாணமும் உழணுமான்னு கேக்குறா."

மாமா லாரிக்காரருக்குப் பேசினார். வேறு லாரிக்காரருக்கும் பேசினார். மே மாதத்தில் ரத்து செய்த லாரி திரும்பி வராது. திங்கட்கிழமைக்கு முன்னால் எதுவும் இல்லை. "கல்யாணத்த திங்கக்கெழமைக்கு மாத்திக்கிங்க சார், அனுப்புறேன்" என்று ஒருவர் யோசனை சொன்னதை மாமா எங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கவுஸ் பாய் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நூத்தம்பது பேரு வர்றாங்க மேடம்" என்றார் மெதுவாக. "குடிக்கிறதுக்கு கேன் வாங்கிக்கலாம். கை கழுவ, ஏனம் கழுவ, அரிசி கழுவ இன்னா பண்றது? மாப்ள வீட்டுக்காரங்க மொத தபா வர்றாங்க. கை கழுவ தண்ணி இல்லன்னா, காலம்பூரா அத்த சொல்லிகினே இருப்பாங்க."

கிணற்றின் வாயிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மோட்டார் நின்றிருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி அளந்தேன். எண் குறைந்திருந்தது. மாமா முகம் விழுந்தது.

"குறையறதே?"

"குறைஞ்சால் நல்லது. தண்ணி மேலை ஏறுது."

அவர் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார். மயிலாப்பூர் மண் மணல். ஊற்று இருக்கிறது, மோட்டார்தான் ஊறும் வேகத்தை மிஞ்சி இழுத்துவிட்டது. ஊறவிட்டு, கொஞ்சம் ஏற்றி, மறுபடி ஊறவிட்டால் தாங்கும். இடையில் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது.

யாரும் திறக்கக் கூடாது என்றால் சென்னையில் ஒவ்வொருவரும் தன்னைத் தவிர என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் முறை ஏற்றிய தண்ணீரை இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் தன் மாடித் தோட்டத்துக்கு விட்டார். கத்தரிச்செடி வாடுகிறதாம். மேல்தொட்டியிலிருந்து வீடுகளுக்குப் போகும் வால்வை மூடிவிட்டேன்; பந்தலுக்குப் போகும் குழாய் மட்டும் திறந்திருந்தது. மோட்டார் அறைச் சாவி என் கைப்பைக்குள் போனது. மாமா வகுப்பை ரத்து செய்துவிட்டு வீடு வீடாகப் போய் விளக்கினார். அக்கா வாசலில் நின்று, "எனக்குமா?" என்றாள். உனக்கும்தான், கட்டைவிரல் போட்டவளுக்கு முதலில், என்றேன். வாளியில் பிடித்து வைத்த தண்ணீரை நான் முகம் கழுவ எடுத்தாலும் முறைத்தாள்.

அதன் பிறகு வந்தவர் போனவர் எல்லாம், "எவ்ளோ மேடம்?" என்று கேட்டார்கள். எண்ணைச் சொன்னால் விளக்க வேண்டும். விளக்கினால் இன்னொருவர் வந்து வேறு மாதிரி விளக்குவார். இருபத்தொன்று என்றதும் ஒருவர் "இருபத்தோரு அடி ஏறிடுச்சா, சூப்பர்" என்று கைப்பேசியை எடுத்தார். பிடுங்காத குறையாகத் தடுத்தேன்.

பண்டாரி வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "இந்த அடி, குடி ஒண்ணும் எனக்கு வோணாம்மா. காலைல மூணு தேக்சா ரொம்புமா, ரொம்பாதா?"

"விடியக்காலமை சொல்லுறன்."

"அது எப்போ?"

"நாளைக்குக் காலையில்" என்று பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல் சொன்னேன். புரிந்துகொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கு ஷமீம் பரோட்டாவும் சால்னாவும் நாற்காலிக்கே அனுப்பினார். சால்னாவில் எங்கள் ஊர்க் காரம் இருந்தது. வந்த நாளிலிருந்து முதல் முறையாக வயிறு திருப்தியாக நிரம்பியது. கை கழுவக் கொஞ்சமாகவே ஊற்றிக்கொண்டேன். கடைசி ஏற்றத்தை முடித்து, மோட்டாரைப் பூட்டிவிட்டுப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் வாளிகளைத் தொடவில்லை, பல் துலக்கவில்லை. கருவியையும் வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். பண்டாரி அடுப்புக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையில் இருந்த கட்டையை ஓசைப்படாமல் கீழே வைத்தார். முதல் மாடியில் சேஷாத்ரி மாமா, விடிகாலை வகுப்புக்கு வந்திருந்த மாணவிகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து நின்றார். ஒருத்திகூட 'ஸா' சொல்லவில்லை. காக்கைகள் மட்டும் சொல்பேச்சுக் கேட்கவில்லை.

மூடியை நகர்த்தி, புனலை உள்ளே கவிழ்த்து, அழுத்தினேன். ஒலி போனது. திரும்பி வந்தது. மறுபடியும் அழுத்தினேன். பதினெட்டுக்குச் சற்றுக் கீழே; கிணற்றில் ஏறக்குறைய ஏழு அடித் தண்ணீர்.

சன்னலைத் திறந்து ஷமீம் எட்டிப் பார்த்தார். மருதாணி வைத்த கைகளைத் தூக்கிப் பிடித்தபடி மணப்பெண் பின்னால் நின்றாள்.

"தண்ணி கீதா ஆபா?" என்று கேட்டாள், என்னை அக்கா முறை வைத்து.

எண் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"கீது" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்து மோட்டாரைப் போட்டேன்.